மீனுக்கு அடுப்பு கிடையாது

வேகவைக்கிறாள் மருமகள். உப்பும் மஞ்சளும்தான் பாக்கி, மற்றபடி குழம்புக்கு ஏற்றிவைத்த மாதிரிதான், என்று மொட்டைமாடியில் பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து அம்சவேணி சிமெண்டுத் தொட்டியை முறைத்துக்கொண்டிருந்தாள். கொளத்தூரில் மாடிக்கு மாடி வண்ணமீன் தொட்டிதான். எவளாவது கோய் மீன் கிடக்கிற தொட்டிக்குள் ஹீட்டரைத் தொங்கவிட்டிருக்கிறாளா? டிஸ்கஸ் மாதிரி சொகுசு மீனுக்குப் போடுவார்கள், அது வேறு. கோய் குளிர்ந்த தண்ணீர் ஜாதி, மார்கழிக் குளிரில் மினுமினுவென்று நிற்கும், அதைப் போய்க் காய்ச்சுவது என்றால் அதற்குப் பட்டம் வாங்கியிருக்க வேண்டும். வாங்கியிருக்கிறாளே. மருமகள் சந்தனமாரி தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியில் படித்தவள், அங்கே பயிற்சிக்கு என்று போன பரணியையும் அப்படியே கொக்கி போட்டு இழுத்துக்கொண்டவள். ஒரே மகன். அவன் பெங்களூருக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டு போயிருக்கிறான், போகும்போது "அவ சொல்றபடி செய்யும்மா" என்று சொல்லிவிட்டுப் போகிறான், அவன் பிறப்பதற்கு முன்பிருந்தே மீனோடு கிடக்கிறவளிடம். ஹீட்டர்களின் சிவப்பு விளக்குகள் தண்ணீருக்குள் எரிந்துகொண்டிருந்தன. நேற்றிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி இன்று முப்பது டிகிரியைத் தாண்டிவிட்டாள். சூடான தண்ணீரில் காற்று தங்காது என்று காற்றுக்கல்லையும் கூடுதலாகப் போட்டிருந்தாள், அது கொப்பளிப்பதைப் பார்த்தால் நிஜமாகவே கொதிக்கிற மாதிரிதான் இருந்தது. கரண்ட் போனால் காற்று நின்றுவிடுமாம், அதற்காக பேட்டரியில் ஓடும் பம்ப் வாங்க மீன் மார்க்கெட்டுக்குக் கிளம்பிப் போயிருக்கிறாள். போகிறபோது படியில் நின்று, "அத்தை, சுவிட்சை மட்டும் அணைச்சிராதீங்க" என்றாள். யார் வீட்டு சுவிட்சு? யார் வீட்டுத் தொட்டி? தொட்டியின் அடியில் பொட்டுக்காரி அசையாமல் கிடந்தாள். வெள்ளை உடம்பு, தலையில் மட்டும் வட்டமாகச் சிவப்பு, விரல் நீளக் குஞ்சாக வந்து இன்று அம்சவேணியின் முழங்கை நீளத்துக்கு வளர்ந்தவள், அம்சவேணியின் விரலிலிருந்தே இரை வாங்கித் தின்கிறவள். இப்போது கண் உள்ளே போய்விட்டது. செவுள் வெளுத்துவிட்டது. தொட்டியில் பாதி மீன் போய்விட்டது, மிச்சம் இருப்பதில் இவளும் போய்விட்டால் இந்த மாடிக்கு ஏறி வர அம்சவேணிக்கு ஒரு காரணமும் இருக்காது. அவளுக்குப் பயமாக இருந்தது. பயமாக இருந்ததால் கோபம் இன்னும் கூடியது.

குளிரெடுத்தது. சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஸ்டூலைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொண்டாள். காலையிலிருந்தே உடம்பு கணகணவென்று இருக்கிறது, கண் எரிகிறது, எலும்புக்குள் யாரோ உட்கார்ந்து குடைகிற மாதிரி வலி, ஊர் முழுக்க வைரஸ் காய்ச்சல், அது இவளை மட்டும் விட்டுவிடுமா. மாத்திரை எங்கே என்று கேட்டதற்கு அந்த மகராசி உடனே கொடுத்தாளா? அக்குளில் தெர்மாமீட்டரை வைத்தாள். வைத்துவிட்டு, மீனுக்குப் பார்க்கிற அதே முகத்தோடு பார்த்தாள். "நூறுதான் அத்தை இருக்கு. உடனே மாத்திரையைப் போட்டு அமுக்க வேண்டாம். உள்ள வந்த கிருமியோட உடம்பு மல்லுக்கட்டுது, அதுக்குத்தான் இந்தச் சூடு. நூத்திரெண்டைத் தாண்டுனாலோ, தாங்க முடியலைன்னாலோ போட்டுக்கிடலாம். தண்ணி நிறைய குடிங்க." ஒரு காய்ச்சல் மாத்திரைக்குக்கூட வக்கற்றுப் போய்விட்டாளா அம்சவேணி, அவள் சம்பாத்தியத்தில் கட்டிய வீட்டில்? பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டு, புருஷனின் மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு மேலே வந்துவிட்டாள். இன்னும் போடவில்லை. யாரும் இல்லாதபோது போட்டு என்ன பிரயோஜனம்? அவள் வரட்டும், அவள் கண்ணெதிரில் வாயில் போட்டு மடக்கென்று தண்ணீர் குடிக்க வேண்டும், அப்போதுதான் போட்ட மாதிரி. அதை நினைத்தபோது காய்ச்சலுக்கு நடுவிலும் ஒரு சந்தோஷம் வந்தது. மல்லுக்கட்டுதாம். மீனுக்கும் இதே பாட்டுதான் நேற்று. "நமக்குன்னா உடம்பே சூட்டை ஏத்திக்கிடும் அத்தை. மீனுக்கு உள்ள அடுப்பு கிடையாது. தண்ணி எந்தச் சூடோ அதே சூடுதான் அதுக்கும். இந்தக் கிருமிக்கு குளுந்த தண்ணிதான் தோது, நல்லா பெருகும். முப்பதுக்கு மேல ஏத்திட்டா அது சோந்துரும், மீனோட உடம்பு முழிச்சுக்கிட்டு அடிக்கும்." வார்த்தைக்கு வார்த்தை அத்தை போட்டால் சொல்வதெல்லாம் சரியாகிவிடுமா? இரையில் வேறு ஏதோ பொடியைக் கலந்தாள். என்னடி அது என்றால், ஈஸ்ட்டிலிருந்து எடுத்ததாம், மருந்தே இல்லையாம், கிருமியின் தோல் மாதிரி இருக்குமாம், அதைத் தின்றதும் திருடன் வந்துவிட்டான் என்று உடம்பு எழுந்து உட்கார்ந்துகொள்ளுமாம். பொய்ச் சத்தம் கொடுப்பதாம். பொய்ச் சத்தத்துக்கு இந்த வீட்டில் பஞ்சமா? வந்த நாளிலிருந்து அத்தை அத்தை என்று அதைத்தானே கொடுத்துக்கொண்டிருக்கிறாள், என்று அம்சவேணி கரித்துக் கொட்டினாள், கேட்க ஆள் இல்லாததால் மனசுக்குள்ளேயே.

எல்லாம் அந்தப் புது மீன் ஜோடி வந்ததிலிருந்துதான். அதையும் மருமகள்தான் வாங்கி வந்தாள். யாரோ கூடப் படித்தவனுடைய பண்ணையாம், நல்ல ரத்தமாம், பொட்டுக்காரிக்கு ஏற்ற ஆண் மீனாம். கவரில் காற்று அடைத்து வந்த ஜோடியைத் தொட்டி நீரில் மிதக்கவிட்டது வரைக்கும் சரி, எல்லோரும் செய்வதுதான், உள்ளே இருக்கிற நீரும் வெளியே இருக்கிற நீரும் ஒரே சூட்டுக்கு வர வேண்டும். அதற்குப் பிறகு. அதற்குப் பிறகு என்ன, ஒன்றுமில்லை, எப்போதும் செய்வதுதான். புதுசாக ஒரு மீன் வந்தால் அது வந்த தண்ணீரோடேயே விடுவது அம்சவேணியின் வழக்கம். பிறந்த வீட்டுத் தண்ணி கொஞ்சம் கூட வந்தால்தான் புது இடத்தில் மனசு ஒட்டும் என்பாள். இந்தத் தெருவில் எத்தனை பேருக்கு அவள் சொல்லிக்கொடுத்தது அது. மருமகள் ஏதோ பிளாஸ்டிக் டப்பை எடுத்துவரக் கீழே போயிருந்தாள், புது மீனைக் கொஞ்ச நாள் தனியாக வைக்க வேண்டுமாம், வந்தவர்களை வாசலிலேயே நிறுத்திவைப்பது எந்த ஊர்ப் பழக்கமோ, அதற்குள் அம்சவேணி ரப்பர் பேண்டைக் கழற்றி, கவரை அப்படியே சாய்த்து, தண்ணீரும் மீனுமாகத் தொட்டியில் விட்டுவிட்டாள், காலிக் கவரைச் சுவரில் காயப் போட்டாள். அவள் டப்போடு மேலே வந்தாள். கவரைப் பார்த்தாள். தொட்டியைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பார்வை இருக்கிறதே, அதுதான், இந்த இடத்துக்கு வந்தால் அம்சவேணியின் யோசனை செருப்பில் குத்திய முள்ளாக நின்றுவிடுகிறது, அதனால் அவள் அவசரமாக அதைத் தாண்டி வேறு எங்காவது போய்விடுவாள். இப்போதும் போனாள். எங்கே போனாள் என்றால் மாடிப்படித் திருப்பத்தில் இருக்கிற பாட்டிலுக்கு. மாசிப் பொடி. கல்யாணம் முடிந்து இவள் வந்தபோது தாய்க்காரி கொடுத்தனுப்பிய மாசிக் கருவாட்டுப் பொடி, அதைக் கஞ்சியில் தூவிச் சாப்பிடுவார்களாம். இந்த வீட்டில் ஆடு உண்டு, கோழி உண்டு, மீன் மட்டும் கிடையாது. வளர்க்கிற கையால் அறுப்பதா? மீன் சட்டியே இல்லாத வீடு. அம்சவேணி அந்தப் பாட்டிலை மோந்துகூடப் பார்க்காமல், "இந்த நாத்தம் என் சமையல் ரூமுக்குள்ள வரக் கூடாது" என்று சொல்லிப் படித் திருப்பத்தில் வைக்கச் சொன்னாள். அவளும் வைத்தாள். தினமும் மீன் தின்று வளர்ந்தவள், ஏன் அத்தை என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுவும் அம்சவேணிக்குப் பிடிக்கவில்லை. சண்டை போடுகிறவளோடு சண்டை போடலாம், வாயை மூடிக்கொண்டு நிற்கிறவளை என்ன செய்வது?

ஜோடியில் ஒன்று முதலில் போனது, பிறகு மற்றது, பிறகு ஒவ்வொன்றாக. அம்சவேணி தெருவுக்குக் கேட்கக் கத்தினாள், நல்ல ரத்தம் வாங்கி வந்திருக்கிறாள் பார், என் தொட்டியைத் துடைத்துவிட்டாள் பார் என்று. கத்திக்கொண்டேதான் வைத்தியமும் பார்த்தாள், பார்க்காமல் இருந்தாளா? மீன்களெல்லாம் வெயில் விழுகிற அந்த வடக்கு மூலையில் போய் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக்கொண்டு நின்றன, மூச்சு முட்டுகிறது போல, வெயில் பட்டால் சிவப்பு வெளுத்துவிடும் வேறு, வெளுத்த மீனை யார் வாங்குவார்கள், உடனே பச்சை வலையை இழுத்து அந்த மூலையையும் மூடினாள். அப்படியும் சரியாகவில்லை என்று குழாயைத் திறந்து பாதித் தண்ணீரை மாற்றினாள், மார்கழித் தண்ணீர், கை வைத்தால் சில்லென்று இருந்தது, மீனுக்கு இதமாக இருக்கும் என்று அவளே தொட்டிக்குள் கையை விட்டுக் கலக்கிவிட்டாள். மறுநாள் காலையில் இன்னும் அதிகமாக மிதந்தன. மறுபடி மாற்றினாள். மறுபடி மிதந்தன. அழுதாள், பொட்டுக்காரியைக் கையில் தாங்கிப் பிடித்துக்கொண்டு அழுதாள், பெற்ற பிள்ளை ஊரில் இல்லாதபோதுகூட அப்படி அழுததில்லை. அப்போதும் அந்தப் பெண் பின்னால் வந்து நின்றாள், வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். மூடிக்கொண்டு மறுநாள் ஹீட்டரோடு வந்தாள். இப்போது தண்ணீர் காய்கிறது. இல்லை, இதை இப்படியே விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அம்சவேணி மனுஷியே இல்லை. ஒரு சுவிட்சு. சாயங்காலம் வந்து கேட்டால் கை பட்டுவிட்டது என்று சொல்லலாம், ஏன் சொல்ல வேண்டும், நான்தான் அணைத்தேன், இன்னாடி இப்போ என்று கேட்கலாம். எழுந்தாள். தலை சுற்றியது, சுவரைப் பிடித்துக்கொண்டாள். சுவிட்சுப் பெட்டி கொட்டகைக்குள் இருந்தது. கிட்டப் போனாள், விரலை நீட்டினாள். விரல் படுவதற்கு முன்னால் எல்லாம் நின்றது.

ஒரு நொடி அவள் தான்தான் அணைத்துவிட்டதாக நினைத்தாள். "நான் தொடல" என்று வாய்விட்டுச் சொன்னாள், யாரிடமோ. தெருவில் ஏதோ கடையின் ரேடியோவும் நின்றிருந்தது, எதிர்வீட்டில் யாரோ "கரண்ட் போச்சு" என்று குரல் கொடுத்தார்கள். ஹீட்டர்களின் சிவப்புக் கண்கள் மூடிக்கொண்டன. காற்றுக்கல்லில் கடைசிக் குமிழி மேலே வந்து உடைந்தது, அதற்குப் பிறகு தொட்டி எண்ணெய் ஊற்றிவைத்த மாதிரி வழவழவென்று சும்மா கிடந்தது. கடவுளே என் பக்கம், என்று அம்சவேணிக்குத் தோன்றியது. மேகம் விலகியது. பச்சை வலையில் ஒரு கிழிசல், அதன் வழியாக வெயில் உள்ளங்கை அகலத்துக்குத் தொட்டியில் விழுந்தது. பொட்டுக்காரி அசைந்தாள். காலையிலிருந்து ஹீட்டருக்குப் பக்கத்திலேயே சாய்ந்து கிடந்தவள், ஹீட்டர் நின்றதும் ஒருக்களித்தபடியே இழுத்து இழுத்து நகர்ந்து வந்து, அந்த உள்ளங்கை வெயிலுக்குள் தலையை வைத்தாள். அவளுக்குப் பின்னால் மற்றவை. முட்டி மோதிக்கொண்டு அந்தத் துளி வெயிலுக்கு. அம்சவேணி பார்த்துக்கொண்டே ஸ்டூலில் உட்காரப் போனாள், ஸ்டூல் அங்கே இல்லை. அது அந்தப் பக்கம், கைப்பிடிச் சுவரோரம் வெயிலில் கிடந்தது. காலையில் கொட்டகை நிழலில் போட்ட ஸ்டூல். குளிர்கிறது குளிர்கிறது என்று யோசனைக்கு நடுவில் அவளே கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி நகர்த்தி வெயிலின் பின்னாலேயே போயிருக்கிறாள், போனது அவளுக்கே தெரியவில்லை. யாரும் சொல்லித்தரவில்லை. உடம்பு கேட்டது, போனாள். அவளுக்காவது உள்ளே அடுப்பு இருக்கிறது. அந்த வாயில்லா ஜீவன்கள் வடக்கு மூலையில் ஒட்டிக்கொண்டு நின்றது மூச்சு முட்டி அல்ல. அடுப்பு தேடி. தேடிப் போன இடத்தில் இருந்த வெயிலை மூடினது யார்? சில்லென்று தண்ணீரைத் திறந்துவிட்டு இதமாக இருக்கிறதா என்று கையால் கலக்கினது யார்? அதற்கும் முன்னால், அதற்கும் முன்னால் அந்தக் கவரைச் சாய்த்தது. பிறந்த வீட்டுத் தண்ணி. கிருமி அதில்தானே வந்திருக்கும். தன்னைத்தானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது, அதைவிட அந்தப் பெண்ணை அடிக்க வேண்டும் போல இருந்தது, தெரிந்துகொண்டே டப்போடு நின்றாளே, பாவி, ஒரு வார்த்தை கத்தியிருக்கக் கூடாதா?

பச்சை வலையைப் பிடித்து இழுத்தாள். ஆணியில் மாட்டிக்கொண்டது, கிழித்தாள். வெயில் மொத்தமாகத் தொட்டிக்குள் விழுந்தது. அதற்குள் மீன்கள் மேலே வர ஆரம்பித்துவிட்டன, வாயை நீருக்கு வெளியே நீட்டி நீட்டி ஓவென்று திறந்து மூடின. இது நிஜமாகவே மூச்சு. இது அவளுக்குத் தெரியும், இதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள், காற்று இல்லை. கை தானாகக் குழாய்க்குப் போனது. குழாயைத் திறந்தால் ஆயிற்று, மேலிருந்து விழுகிற தண்ணீர் காற்றையும் கொண்டுவரும், இத்தனை வருஷமாகக் கரண்ட் போகிறபோதெல்லாம் அதைத்தான் செய்கிறாள். திருகைப் பிடித்தாள். மேல்நிலைத் தொட்டித் தண்ணீர், இரவெல்லாம் பனியில் கிடந்தது, திருகே பல்லில் கூசுகிற மாதிரி குளிர்ந்தது. திறந்தால் இப்போதைக்கு மூச்சு வரும், மீனுக்கு வேண்டிய காய்ச்சல் போய்விடும், நாளைக்கு மிதக்கும். கையை எடுத்தாள். மறுபடி வைத்தாள். எடுத்தாள். மார்க்கெட் பக்கத்துக் கடையில் இருக்கிற புருஷனுக்குப் போன் பண்ணலாம், பண்ணினால் அவர் என்ன சொல்வார், குழாயைத் திற என்பார், அவருக்கு அதைச் சொல்லிக்கொடுத்ததே இவள்தான். மருமகளுக்குப் பண்ணலாம். பெயரை அழுத்தினாள், மணி அடிப்பதற்குள் நிறுத்திவிட்டாள், நீ சொன்னது சரி என்று போனில் எப்படிச் சொல்வது, சொல்லாமல் வேறு எதற்குப் பண்ணுவது. வாளியருகில் மக்கு கிடந்தது. எடுத்தாள். தொட்டியிலிருந்தே அந்த வெதுவெதுப்பான தண்ணீரை மொண்டு, கையைத் தலைக்கு மேலே தூக்கி, தொட்டியிலேயே ஊற்றினாள். சலசலவென்று விழுந்து நுரைத்தது. மறுபடி மொண்டாள். கல்யாணமாகி வந்த புதிதில், பம்ப் வாங்க வழியில்லாத காலத்தில் இப்படித்தான் ஊற்றுவார்கள், உயரத்திலிருந்து விழுந்தால்தான் காற்றை இழுத்துக்கொண்டு போகும், தாழ ஊற்றினால் வெறும் சத்தம்தான். தோள்பட்டை கழன்று விழுகிற மாதிரி வலித்தது. ஊற்றினாள். நீரில் கை பட்டபோது அது சுடவில்லை, வெந்நீர் என்று இவ்வளவு நேரம் திட்டிக்கொண்டிருந்த தண்ணீர் அவள் கையைவிடச் சூடாக இல்லை, அவள் கைதான் கொதித்துக்கொண்டிருந்தது. செத்துப்போகாதேடி, என்றாள். இந்தச் சிறுக்கி முன்னாடி என்னைத் தலைகுனிய வைக்காதேடி. அதுவும் உண்மை இல்லை, தலை குனிந்தாலும் பரவாயில்லை, செத்துப்போகாதே. வேர்த்தது. காலையிலிருந்து முதல்தடவையாக வேர்த்தது, நெற்றியிலும் கழுத்திலும் முதுகிலும் கொட்டியது, சேலை முழுக்க நனைந்துவிட்டது, தொட்டித் தண்ணீர் எது வியர்வை எது என்று தெரியவில்லை. பொட்டுக்காரி நுரை விழுகிற இடத்துக்கு வந்து வாயைத் திறந்தாள். ஊற்றினாள்.

"அத்தை!" படியேறி வந்த சந்தனமாரி கையில் பம்ப் டப்பாவோடு அப்படியே நின்றாள். கிழிந்த வலை, அணைந்த ஹீட்டர், தலையிலிருந்து கால்வரை நனைந்த மாமியார். அவள் முகம் மாறியது. இத்தனை நாள் அமுக்கி வைத்திருந்ததெல்லாம் ஒரே மூச்சில் வெளியே வந்தது. "என்ன காரியம் செஞ்சீய? அணைச்சிட்டீயளா? படிச்சுப் படிச்சு சொல்லிட்டுத்தானே போனேன்! பச்சத் தண்ணிய ஊத்துதீயளா, கொல்லுததுன்னே முடிவு பண்ணிட்டீயளா?" அம்சவேணி திரும்பவில்லை. கையை நிறுத்தினால் மறுபடி தூக்க முடியாது என்று அவளுக்குத் தெரிந்தது. அட, கத்தத் தெரிந்திருக்கிறதே இவளுக்கு, என்று நினைத்தாள். "கரண்ட் இல்ல. கண்ணு தெரியல உனக்கு?" என்றாள். சந்தனமாரி பாய்ந்து வந்து தெர்மாமீட்டரைத் தொட்டிக்குள் விட்டாள். எடுத்துப் பார்த்தாள். திருப்பிப் பிடித்து மறுபடி பார்த்தாள். குழாய்க்குக் கீழே தரை உலர்ந்து கிடந்ததையும் பார்த்தாள். "இறங்கலையே" என்றாள், மெதுவாக. "எறங்கும், நீ இப்டியே நின்னுக்கினு இருந்தா. அந்தப் பம்ப மாட்டு." அவள் மாட்டினாள். அவசரத்தில் குழாய் செருகவில்லை, பல்லால் கடித்து இழுத்துச் செருகினாள். பேட்டரி உறுமியது, காற்றுக்கல்லிலிருந்து குமிழிகள் மேலே வந்தன. மீன்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின, ஒன்றும் மல்லாக்க விழவில்லை. பொட்டுக்காரி கடைசியாக இறங்கினாள்.

அம்சவேணி மக்கைப் போட்டுவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்தாள். சந்தனமாரி வந்து அவள் கழுத்தில் புறங்கையை வைத்தாள். அம்சவேணி தட்டிவிட நினைத்தாள், கை எழவில்லை. "வேத்துக் கொட்டியிருக்கு. கொஞ்சம் இறங்கியிருக்கு அத்தை. மாத்திரை போட்டீயளா?" அம்சவேணி முந்தானை முடிச்சைக் காட்டினாள். மாத்திரை நனைந்து மாவாகியிருந்தது. சந்தனமாரி அதைப் பார்த்தாள், ஈரச் சேலையைப் பார்த்தாள், பிறகு சுவரைப் பார்த்தாள். சுவரில் அந்தக் காலிக் கவர் இன்னும் கிடந்தது, மழையிலும் வெயிலிலும் மங்கிப்போய். அம்சவேணியும் பார்த்தாள். இப்போது சொல்வாள், இதுதான் சமயம், இவள் இடத்தில் தான் இருந்தால் சொல்லியிருப்பாள், தெருவைக் கூட்டிச் சொல்லியிருப்பாள், என்று கழுத்தை விறைத்துக்கொண்டு காத்திருந்தாள். சந்தனமாரி எழுந்து போய்க் கவரை எடுத்துச் சுருட்டிக் குப்பைக் கூடையில் போட்டாள். திரும்பி வந்து, "நான் சொன்னதக் கேட்டு குழாயத் திறக்காம இருந்தீயளே, அதுவே பெருசு" என்றாள். "உன் பேச்ச எவ கேட்டா?" என்று அம்சவேணி சீறினாள். "அதுங்க பேச்ச கேட்டேன்." நாக்கு செத்துக் கிடந்தது, வாயெல்லாம் கசப்பு, காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் இறங்கவில்லை. "கஞ்சி வெக்கட்டுமா அத்தை?" "வெய்யி." அம்சவேணி ஈர முந்தானையைப் பிழிந்தாள். "படியாண்ட ஒரு பாட்டிலு கீதே, அத்தயும் எடுத்துகினு வா." சந்தனமாரி நின்றாள். "எந்த பாட்டில்?" "நடிக்காதடி. உங்கம்மா குடுத்தது." அவள் எப்போதும் போல வாயை மூடிக்கொண்டுதான் நின்றாள், ஆனால் இந்தத் தடவை கண் நிறைந்துவிட்டது. இறங்கத் திரும்பியவளை அம்சவேணி மறுபடி கூப்பிட்டாள். "சமையல் ரூமுலயே தூவு. மீனுங்க எதிர்க்க கொண்டாந்து வெக்காத."